கிருமிக்குள் ஒரு ‘வைட்டமின் ஸ்விட்ச்’... புதிய ஆன்டிபயாடிக்குக்கு வழி திறக்குமா?

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் தெருவரை ஓடும். கரண்ட் பில்லும் எகிறும். அதனால்தான் இன்று பல வீடுகளில் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும்.

கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவும் இதே வேலையைச் செய்கிறது. அது நிரப்புவது தண்ணீரை அல்ல, வைட்டமினை! பாக்டீரியா தனக்குத் தேவையான வைட்டமின் பி1, பி2 போன்றவற்றைத் தானே தயாரித்துக்கொள்ளும். தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், உற்பத்தியை உடனே நிறுத்திவிடும். ஒரு துளி சக்திகூட வீணாகாது.

இதை நிறுத்துவது யார்? இந்தக் கேள்விக்கு 2002-ல் கிடைத்த விடை, உயிரியல் உலகத்தையே புருவம் உயர்த்த வைத்தது. அந்த விடையின் பெயர் ‘ரைபோஸ்விட்ச்’. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க, இந்த ஸ்விட்ச்சில் கைவைக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

சமையல் புத்தகமும் துண்டுச் சீட்டும்

விஷயத்துக்குள் போகும் முன் சின்னதாக ஓர் அறிமுகம்.

டி.என்.ஏ என்பது ஒரு பெரிய சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு சமையல் குறிப்பும் ஒரு மரபணு. புத்தகத்தை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால், தேவையான குறிப்பை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறது செல். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. அதைப் படித்துப் பார்த்துச் சமைக்கும் சமையற்காரர், ரைபோசோம். சமைத்து முடித்த பதார்த்தம், புரோட்டீன்.

இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகப் படம்பிடித்ததற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் இருவரும் அந்தப் பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டார்கள்.

எல்லாக் குறிப்புகளையும் எந்நேரமும் சமைத்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? எதை, எப்போது, எவ்வளவு சமைக்க வேண்டும் என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும்.

காவலாளியைத் தேடினார்கள்

1961-ல் பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மரபணுவின் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். தேவையில்லாதபோது கதவை மூடி வைக்கிறார், தேவைப்படும்போது திறக்கிறார் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். 1965-ல் நோபல் பரிசும் வந்தது. அந்தக் காவலாளி ஒரு புரோட்டீன் என்பது பிறகு உறுதியானது.

அதன் பிறகு, ‘மரபணுவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஒரு புரோட்டீன் இருந்தே ஆக வேண்டும்’ என்பது எழுதாத விதியாகிவிட்டது.

ஆனால், சில இடங்களில் கணக்கு உதைத்தது. இ.கோலை பாக்டீரியாவில் வைட்டமின் பி12 அதிகமானால், அந்த வைட்டமினை உள்ளே இழுக்கும் புரோட்டீனின் உற்பத்தி குறைகிறது. இது தெளிவாகத் தெரிந்தது. ஆனால், குறைக்கும் காவலாளி யார் என்று தேடினால் ஆளே கிடைக்கவில்லை. பி1, பி2 விஷயத்திலும் இதே கதை.

இன்னொரு தடயமும் இருந்தது. ரஷ்ய விஞ்ஞானி மிகயில் கெல்ஃபாண்டும் அவர் குழுவினரும் பல பாக்டீரியாக்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பி2 தொடர்பான மரபணுக்களின் சீட்டில், குறிப்பு தொடங்குவதற்கு முன்பு ஒரு பகுதி இருக்கிறது. ஒன்றுக்கொன்று தூரத்து உறவான பாக்டீரியாக்களிலும் அந்தப் பகுதி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. கோடிக்கணக்கான வருடங்களாக ஒரு வாசகம் மாறாமல் இருக்கிறது என்றால், அதற்கு முக்கியமான வேலை இருக்க வேண்டும். என்ன வேலை?

காவலாளியே இல்லை!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்டு பிரேக்கருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆர்.என்.ஏ வெறும் துண்டுச் சீட்டு மட்டும்தானா? மடங்கி, சுருண்டு ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ-க்களைச் சோதனைக் கூடத்தில் செயற்கையாக உருவாக்க முடியும் என்பது 1990-லேயே தெரிந்திருந்தது. மனிதர்கள் சில வருடங்களில் செய்ததை, இயற்கை கோடிக்கணக்கான வருடங்களில் செய்திருக்காதா?

அவர் குழு செய்த சோதனை மிக எளிமையானது. ஆர்.என்.ஏ-வைத் தனியாக எடுத்தார்கள். புரோட்டீன் எதையும் சேர்க்கவில்லை. தண்ணீரில் ஊறவிட்டால் ஆர்.என்.ஏ இழை மெல்ல மெல்லத் தானாகவே ஆங்காங்கே அறுந்துபோகும். தளர்வாக இருக்கும் இடங்களில் சீக்கிரம் அறுபடும். இறுக்கமாக மடங்கியிருக்கும் இடங்களில் அவ்வளவு எளிதில் அறுபடாது. இப்போது அதில் வைட்டமினைச் சேர்த்துப் பார்த்தார்கள். அறுபடும் இடங்களே மாறிப்போயின. அதாவது, வைட்டமின் பட்டதும் ஆர்.என்.ஏ தன் உருவத்தை மாற்றிக்கொண்டது!

2002-ல் பி12, பி1 ஆகியவற்றுக்கான ஸ்விட்ச்களை பிரேக்கர் குழு அடுத்தடுத்து வெளியிட்டது. அதே வருடம் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் யெவ்கேனி நுட்லர் குழுவும் பி1, பி2 விஷயத்தில் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தது. துண்டுச் சீட்டே வைட்டமினை அளந்து பார்க்கிறது. துண்டுச் சீட்டே, ‘போதும், நிறுத்து’ என்று முடிவெடுக்கிறது. நடுவில் காவலாளி யாரும் தேவையில்லை.

இடுக்கி போல ஒரு பிடி

இந்த ஸ்விட்ச்சில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, மிதவை, அதாவது பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பாகம். இரண்டாவது, அதற்கேற்ப மோட்டாரை நிறுத்தும் பாகம்.

பி1 ஸ்விட்ச்சை எடுத்துக்கொள்வோம். தயமின் என்கிற பி1 வைட்டமின், செல்லுக்குள் ‘தயமின் பைரோபாஸ்பேட்’ என்கிற வடிவத்தில்தான் வேலை செய்கிறது. இந்தச் சிறு மூலக்கூறின் ஒரு முனையை ஆர்.என்.ஏ-வின் ஒரு கை பிடிக்கிறது. மறுமுனையில் இருக்கும் பாஸ்பேட்டை இன்னொரு கை பிடிக்கிறது. இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறது. பாஸ்பேட்டுக்கும் நெகட்டிவ் மின்னூட்டம், ஆர்.என்.ஏ-வுக்கும் நெகட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுமே? அங்கேதான் மெக்னீசியம் நடுவில் வந்து சமரசம் செய்து வைக்கிறது.

இந்தப் பிடி இறுகியதும் இழையின் மற்ற பகுதிகளும் இடம் மாறுகின்றன. ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடம், மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. சமையற்காரர் வருகிறார், உட்கார இடமில்லை, திரும்பிப் போகிறார். சமையல் நின்றது! வைட்டமின் குறையும்போது இடுக்கி தளர்ந்துவிடும். புதிதாக வரும் சீட்டுகளில் உட்கார இடம் கிடைக்கும். மறுபடியும் உற்பத்தி தொடங்கும்.

சில பாக்டீரியாக்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விடுகின்றன. சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் முன்பகுதி மடங்கி ஒரு கொண்டை ஊசிபோல ஆகிவிடும். எழுதிக்கொண்டிருந்த எந்திரம் அதில் இடறி, பாதியிலேயே கழன்று விழும். குறிப்பு முழுசாக எழுதப்படவே இல்லை என்றால், சமைப்பதற்கு ஏது வழி? இதெல்லாம் சில விநாடிகளுக்குள் நடந்து முடிகிற சங்கதி.

எல்லா ஸ்விட்ச்களும் நிறுத்துவதற்காகவே இல்லை. கிளைசின் என்கிற அமினோ அமிலம் அதிகமானால், அதை உடைத்துச் செரிக்கும் மரபணுக்களை ‘ஆன்’ செய்யும் ஸ்விட்ச்சும் உண்டு. இதுவரை 50-க்கும் மேற்பட்ட வகை ரைபோஸ்விட்ச்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

ஓர் எழுத்து மாறினால்...

வைட்டமினுக்கும் அதன் சாயலில் இருக்கும் வேறு பொருளுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஸ்விட்ச் இருந்து என்ன பயன்? இந்த விஷயத்தில் ஆர்.என்.ஏ படு கறார்.

குவானின், அடினின் இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இவற்றுக்கான இரண்டு ஸ்விட்ச்களும் அமைப்பில் ஒன்றுபோலவே இருக்கும். பொருளைத் தொடும் இடத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. அங்கே ‘சி’ இருந்தால் குவானினைப் பிடிக்கும். ‘யு’ இருந்தால் அடினினைப் பிடிக்கும்.

செயற்கையாகச் செய்த ஆர்.என்.ஏ-வும் இதில் சளைத்ததல்ல. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கப்படும் தியோஃபிலின் மருந்துக்கும், நாம் குடிக்கும் காபியில் உள்ள காஃபினுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம். 1994-ல் சோதனைக் கூடத்தில் உருவாக்கிய ஓர் ஆர்.என்.ஏ, காஃபினைவிட 10,000 மடங்கு இறுக்கமாக தியோஃபிலினைப் பிடித்தது.

புழுங்கல் அரிசி சொல்லும் பி1 கதை

பாக்டீரியா பி1-ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது. நம்மால் அது முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால்? நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய்தான்.

நூறு வருடங்களுக்கு முன்பு ஆசியாவில் ஏராளமானோரைப் பலிவாங்கிய நோய் இது. அப்போது மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் லெனார்டு பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி அதிகம் வந்தது. புழுங்கல் அரிசியைச் சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். 1907-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் பிரச்னை விஷம் அல்ல, வைட்டமின் குறைபாடு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கணிசமான பங்கு தங்கிவிடும். அரிசியைப் பலமுறை அலசுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் பி1-ஐக் குறைத்துவிடும் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னோர் ஆச்சர்யம்... நெல் உள்ளிட்ட தாவரங்களிலும், சில பூஞ்சைகளிலும் இந்த பி1 ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால், மனித செல்களில் இப்படி வைட்டமினைப் பிடிக்கும் ஸ்விட்ச் இருப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. மருந்து தேடுகிறவர்களுக்கு இதுதான் தேன்போன்ற செய்தி. கிருமியிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்றால், அங்கே அடிக்கலாமே!

மிதவையை ஏமாற்றும் தந்திரம்

மோட்டார் ஸ்விட்ச்சின் மிதவையை யாரோ கையால் தூக்கிப் பிடித்துவிட்டால்? தொட்டி காலியாக இருந்தாலும், ‘நிரம்பிவிட்டது’ என்று நினைத்து மோட்டார் நின்றுவிடும். வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராது. இதே தந்திரத்தைக் கிருமியிடம் காட்டுவதுதான் திட்டம். வைட்டமின்போல நடிக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால், வைட்டமின் ஏராளமாக இருக்கிறது என்று ஏமாந்து கிருமி உற்பத்தியை நிறுத்தும். வைட்டமின் இல்லாமல் தவித்துச் சாகும்.

இயற்கையில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸ் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியா ஒன்று, ரோசியோஃபிளேவின் என்கிற சிவப்பு நிறப் பொருளைத் தயாரிக்கிறது. பி2 வைட்டமினின் அச்சு அசல் சாயல். மற்ற பாக்டீரியாக்களின் பி2 ஸ்விட்ச் இதில் ஏமாந்துபோகிறது. சரி, தயாரிக்கிற பாக்டீரியா ஏமாறாதா? ஏமாறாது. அதன் ஸ்விட்ச் மட்டும் நிஜத்தையும் போலியையும் பிரித்துப் பார்க்கும்படி மாறியிருக்கிறது.

2015-ல் மெர்க் நிறுவன விஞ்ஞானிகள் இன்னும் சுவாரஸ்யமான வழியில் போனார்கள். ஆயிரக்கணக்கான ரசாயனங்களை இ.கோலை மீது சோதித்தார்கள். அவர்கள் தேடியது, பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். ஆனால் பி2 வைட்டமினை ஊற்றினால் அந்த பாக்டீரியா பிழைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு ரசாயனம் கிடைத்தால், அது பி2 உற்பத்தியில்தான் கைவைக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சிக்கியதுதான் ‘ரைபோசில்’. பார்த்தால் பி2-வின் சாயலே இல்லாத செயற்கைப் பொருள். ஆனாலும் பி2 ஸ்விட்ச்சில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. எலிகளில் நடந்த சோதனையிலும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்தது.

மருந்துக்கடைக்கு ஏன் வரவில்லை?

நல்ல கேள்விதான். முதல் தடை, கிருமியின் வெளிச்சுவர். இ.கோலை போன்ற பாக்டீரியாக்களுக்கு இரட்டை மதில். ரைபோசில் சோதனைகளில் பயன்படுத்தியது, அந்த மதிலைப் பலவீனமாக்கிய இ.கோலை. நிஜக் கிருமியின் மதிலைத் தாண்டுவது அத்தனை சுலபமல்ல.

இரண்டாவது, கிருமியின் குறுக்குப் புத்தி. ஸ்விட்ச்சில் ஓர் எழுத்து மாறினாலே போதும். மருந்து ஒட்டாது, உற்பத்தி நிற்காது. ரைபோசில் சோதனையிலும் இப்படித் தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்கள் இருந்தன. அவற்றின் ஸ்விட்ச்சில்தான் மாற்றம் இருந்தது. மருந்து எங்கே தாக்குகிறது என்பதை உறுதிசெய்ய விஞ்ஞானிகளுக்கு உதவியதும் இந்தத் தப்பிப் பிழைத்தவைதான்!

மூன்றாவது, உணவை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழி. சில கிருமிகள் வைட்டமினை நம் உடம்பிலிருந்தே இழுத்துக்கொள்ளும். ஆனால், இங்கும் ஒரு நம்பிக்கைக் கீற்று உண்டு. சீழ்க்கட்டி முதல் ரத்தத் தொற்று வரை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில், பி2-வைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கு ஒரு ஸ்விட்ச், வெளியிலிருந்து இழுக்கும் மரபணுவுக்கு இன்னொரு ஸ்விட்ச். இரண்டும் ஒரே குடும்பம். ரைபோசில் வகைப் பொருள் இரண்டையும் ஒரே சமயத்தில் அடைத்துவிடும் என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நான்காவது, நம் பாதுகாப்பு. பைரிதயமின் என்கிற பொருள் பி1 ஸ்விட்ச்சை ஏமாற்றும். ஆனால், அது விலங்குகளிலும் பி1 குறைபாட்டை உண்டாக்கிவிடும். கிருமியை மட்டும் ஏமாற்றி, நம் உடலைத் தொடாத போலியைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

தண்ணீரைச் சோதிக்கவும் உதவும்

மருந்துக்கு முன்பே வேறு ஒரு துறையில் இந்த ஸ்விட்ச் கைகொடுக்கலாம். 2012-ல் பிரேக்கர் குழு, ஃப்ளோரைடை உணரும் ரைபோஸ்விட்ச்சைக் கண்டுபிடித்தது. டூத்பேஸ்ட்டில் இருக்கும் அதே ஃப்ளோரைடுதான். அளவு மிஞ்சினால் பாக்டீரியாவுக்கு அது விஷம். அதனால், ஃப்ளோரைடை வெளியே தள்ளும் மரபணுவை இந்த ஸ்விட்ச் ‘ஆன்’ செய்கிறது.

இதையே அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தண்ணீர்ச் சோதனைக் கருவியாக மாற்றினார்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமிருந்தால் நிறம் மாறும். கோஸ்டாரிகா நாட்டில் நீர்நிலைகளுக்கே கொண்டுபோய்ச் சோதித்து, 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாகி, பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் பிரச்னை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குப் புதிதல்ல. மலிவான, கையடக்கமான சோதனை வந்தால் யாருக்கெல்லாம் பயன் என்று சொல்லவே வேண்டாம்.

அதுவரை என்ன செய்யலாம்?

மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக, லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. புதிய மருந்துகள் மிக மெதுவாகத்தான் வருகின்றன. ரைபோஸ்விட்ச்சைக் குறிவைத்து வடிவமைத்த மருந்து எதுவும் இன்னும் நோயாளிகளின் கைக்கு வரவில்லை. எனவே, கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளைக் காப்பாற்றுவது நம் எல்லோருடைய பொறுப்பு.

* சாதாரண சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மருத்துவரிடம் ‘அதையே எழுதிக்கொடுங்க’ என்று வற்புறுத்த வேண்டாம்.

* மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான மாத்திரை, உங்களுக்கும் சரிவரும் என்பதில்லை.

* போனமுறை மீந்துபோன மாத்திரையை இந்தமுறை போட்டுக்கொள்ளாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள்கள். கூட்டவோ குறைக்கவோ நினைத்தால் அவரிடமே கேளுங்கள்.

* கை கழுவுவதும், குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதும் தொற்றையே குறைக்கும். தொற்று குறைந்தால் ஆன்டிபயாடிக் தேவையும் குறையும்.

நாம் தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிக்கு ஒரு பயிற்சி வகுப்பு. நாளை ஸ்விட்ச்சைக் குறிவைக்கும் மருந்தே வந்தாலும், கண்டபடி சாப்பிட்டால் அதையும் கிருமி கற்றுக்கொண்டுவிடும். அதற்குத் தேவைப்படுவது ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான்!